வகுப்பின் ஒற்றுமையைக் குலைக்கலாமா?

"வகுப்பு" என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. சாதி, சமயத்தை ஒட்டிய பிரிவு என்பது ஒன்று. வகுப்புக் கலவரம் என்று செய்திகளில் அடிபடுவது அதுதான். பள்ளிக்கூடத்து வகுப்பு என்பது மற்றொன்று. முதற் பொருளில் வகுப்புணர்ச்சி எவ்வளவு கேடானதோ, இரண்டாம் பொருளில் அது அவ்வளவு நல்லது. "எங்கள் ஒன்பதாவது பி பிரிவு" என்று ஒரு சிறுவன் மார்தட்டிச் சொல்லும்போது அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் சாதி இல்லை, மதம் இல்லை, வீட்டு வருமானமும் இல்லை. நாற்பது ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒரே ஆசிரியரிடம் திட்டு வாங்கி, ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுப் பெற்ற உறவு அது.

இந்த நல்ல உணர்ச்சிக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. அதை உண்டாக்குகிறவர்கள் பிள்ளைகளின் நலத்தை விரும்பும் பெரியவர்களே என்பதுதான் வருத்தத்திற்குரியது.

கர்நாடகத்தில் உயர்நிலைப்பள்ளி என்பது 8, 9, 10 ஆகிய மூன்று வகுப்புகள். பத்தாவது ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. முதல் மொழிக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு, ஆக 625 மதிப்பெண் என்ற கணக்கு வீடு முழுவதையும் ஆட்டிவைக்கும் ஆண்டு அது. மிஞ்சுவது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகளின் மனம் எந்தத் திசையிலும் ஓடும். ஜூன் மாதத்தில் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தவன் தீபாவளிக்குள் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருப்பான். கோலம் போடுவதில் கெட்டிக்காரியான பெண் திடீரென்று கணக்கில் வட்டமும் கோணமும் தனக்கு எளிதாக வருவதைக் கண்டுகொள்வாள். இதை நிலையின்மை என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அது நிலையின்மை அன்று, தேடல். இந்த வயதில் தேடாதவர்களுக்குப் பின்னால் தேட நேரம் வாய்ப்பதில்லை.

ஒரு வகுப்பின் ஒற்றுமை எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதால் உண்டாவதன்று. ஒருவருக்கு வருவது மற்றவருக்கு வராமல் இருப்பதால் உண்டாவது. பள்ளி ஆண்டு விழா வந்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நாடகத்துக்கு வசனம் எழுத ஒருவன், திரைச்சீலை வரைய ஒருத்தி, பாட ஒருத்தி, காசுக்குக் கணக்கு வைக்க ஒருவன், மேசை நாற்காலி தூக்க நான்கு பேர். தேர்வில் கடைசி வரிசையில் நிற்கும் பையன்தான் பெரும்பாலும் மின்விளக்குக் கம்பியை இழுத்துப் பொருத்துகிறவனாக இருப்பான். அன்றைக்கு அவனில்லாமல் அந்த வகுப்புக்கு ஒளியில்லை. மாநிலக் கல்வித் துறை நடத்தும் "பிரதிபா காரஞ்சி" போட்டிகளின் பயனும் இதுவே. பரிசு ஒருவருக்குக் கிடைத்தாலும் கைதட்டுவது வகுப்பு முழுவதும் அல்லவா?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமானது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, கன்னடத்தைப் புத்தகத்தில் கற்பதைவிடப் பக்கத்து இருக்கைத் தோழனிடம் கற்பதே அதிகம். தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் உருது வீட்டுப் பிள்ளையும் அதே பெஞ்சில் இருக்கிறார்கள். மொழிப் பாடவேளையில் பிரிந்து போகிறவர்கள் விளையாட்டு வேளையில் ஒரே அணியாகத் திரும்பி வருகிறார்கள். 1991-ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தைக் கண்ட இந்நகரத்திற்கு, இத்தகைய பெஞ்சுகளின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு அருமையான ஒன்றைச் சில பள்ளிகள் இரண்டு வழிகளில் கெடுக்கின்றன. எட்டாம் வகுப்பு முடிந்தவுடன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிவுகளைக் கலைத்து அடுக்குவது முதல் வழி. நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் "ஏ" பிரிவு, அடுத்தவர்கள் "பி", மற்றவர்கள் "சி". இந்த எழுத்துகளின் பொருள் பள்ளி வாயிலில் சுண்டல் விற்கிறவருக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது. "சி" பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றிப் பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறது. "ஏ" பிரிவுப் பிள்ளைக்கோ பக்கத்தில் இருப்பவன் தோழன் அல்லன், போட்டியாளன். இரு பக்கமும் நட்டம்தான்.

பாடவேளைத் திருட்டு இரண்டாவது வழி. அட்டவணையில் ஓவியம், கைத்தொழில், உடற்பயிற்சி என்று எழுதியிருக்கும். மணி அடித்ததும் வருகிறவர் கணக்கு ஆசிரியர். பாடம் முடியவில்லை என்பது அவருடைய நியாயம். அந்த நாற்பது நிமிடத்திற்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளையின் நியாயத்தை யார் கேட்கிறார்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு வாழ்க்கையின் வாயில் அல்லவா, அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டாமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆட்டோ ஓட்டியும் தையல் தைத்தும் கட்டணம் கட்டுகிற குடும்பத்திற்கு மதிப்பெண் என்பது அலங்காரம் அன்று, பிழைப்பு. பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதும் உண்மை. மாலையில் ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி கொடுப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்காகச் சேர்ப்பது வேறு. முத்திரை குத்தி ஒதுக்குவது வேறு. நன்றாகப் படிக்கிறவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே பறித்துவிட்டு, பின்தங்கியவனை முன்னேறச் சொல்வது எந்த வகை நீதி?

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்போடு, பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாவதில் ஒரு பையன் பள்ளியை விட்டு நின்றால் அவனைத் திரும்ப இழுத்து வருவது சட்டம் அன்று, தோழர்கள்தான். "ஏன்டா வரவில்லை?" என்று வீட்டு வாசலில் வந்து கேட்க நான்கு பேர் இருந்தால் அவன் மறுநாள் வருவான். வகுப்பே கலைந்துவிட்டால் யார் வந்து கேட்பார்கள்?

இந்தக் கருத்து புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, மாணவர்களின் நாட்டங்கள் பலவகைப்பட்டவை என்பதை ஏற்று, பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று 1953-லேயே பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பாடம், பாடத்திற்குப் புறம்பானது என்ற கடுமையான பிரிவினை கூடாது என்கிறது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி எத்தனையோ கருத்து வேறுபாடுகள் உண்டு. இந்த ஒன்றைப் பற்றி வேறுபட என்ன இருக்கிறது?

அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் கால்பந்து வீரர் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஏழைத் தமிழர் நிறைந்த அந்தப் பகுதியில் கால்பந்தாட்டத்தின் மீதுள்ள பற்று அத்தகையது. அந்த ஆட்டம் ஒருவனால் ஆடப்படுவதன்று, பதினொருவர் வேண்டும். கோல் அடிப்பவன் ஒருவன் என்றால், பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் வேறொருவன். தெருவில் பிள்ளைகள் தாமாகவே தெரிந்துகொண்ட இந்தப் பாடத்தைப் பள்ளி மறக்கச் செய்யலாமா?

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் தலைமையாசிரியர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். எட்டாவதில் சேர்ந்த வகுப்பைப் பத்தாவது வரை கலைக்காமல் வைத்திருப்பது. ஓவியம், விளையாட்டு வேளைகளை வேறு எந்தப் பாடத்திற்கும் கடன் கொடுக்காமல் இருப்பது. ஆண்டுக்கு ஒரு முறையாவது வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையை, அது தோட்டமாயினும் கையெழுத்துப் பத்திரிகையாயினும், மாணவர்கள் பொறுப்பிலேயே விடுவது. இவற்றுக்கு அரசாணை வேண்டாம். நிதி ஒதுக்கீடும் வேண்டாம். பெற்றோரும் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும்போது, "உன் வகுப்பில் உனக்கு யார் யார் தோழர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம். பிள்ளையின் பதிலில், பட்டியலில் இல்லாத பல செய்திகள் இருக்கும்.