தோட்டக்காரரின் சம்மதம் போதுமா?



உத்தமபாளையத்திலிருந்து கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிக்குச் செல்லும் சாலையில் நின்று மேற்கே நோக்குங்கள். சுவர் எழுப்பினாற்போல் மலை நிற்கும். அதன் உச்சியில் கேரள எல்லை, அங்கே இராமக்கல்மேடு. மலையின் அடிவாரம் வரை புஞ்சைகளும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. காட்டிற்கும் கழனிக்கும் இடையே வாழும் ஊர் கோம்பை. செவ்வண்ண உடலும் கறுத்த முகமும் கொண்ட கோம்பை நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது என்பதை நாடறியும். ஆகவே வேட்டை என்னும் சொல் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று.

இன்றும் பெருநாள் விடுமுறைகளில் நம் இளைஞர்கள் சிலர் நாயையோ காற்றுத் துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு புஞ்சைப் பக்கம் புறப்படுகின்றனர். அவர்களுள் நல்லொழுக்கமுடையோர், தோட்டத்திற்குள் நுழையுமுன் உரியவரிடம் சென்று, “மாமா, முயல் ஒன்றிரண்டு ஓடுகிறதாம், உங்கள் காட்டில் சுட்டுக்கொள்ளலாமா?” என்று பணிவுடன் கேட்கின்றனர். கடலைக் கொடியை முயல் கடித்துப் போட்ட வேதனையில் இருப்பவர், “தாராளமாகச் சுடு தம்பி, வரப்பை மட்டும் மிதித்துவிடாதே” என்கிறார். கேட்டவருக்கும் மனநிறைவு, கொடுத்தவருக்கும் மனநிறைவு. ஆனால் இந்தச் சம்மதம் போதுமானதா? இக்கேள்வியையே இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில், கேட்டுச் சென்ற பண்பைப் பாராட்ட வேண்டும். பிறர் வீட்டிற்குள் அனுமதியின்றி நுழையலாகாது என்று நம் மார்க்கம் கற்பித்திருக்கின்றது. பிறருடைய பயிரை மிதிப்பதும், வேலியைப் பிரிப்பதும், கிணற்றடியில் நாயை அவிழ்த்துவிடுவதும் அடியார்களின் உரிமையைப் பறிப்பதாகும். உரியவர் மன்னிக்காதவரை அப்பொறுப்பு தீராது. ஆகவே நிலத்தில் கால் வைப்பதற்கு நிலக்காரரின் இசைவு கட்டாயம் வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், தமக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலுமா? தோட்டம் அவருடையது, தென்னை அவருடையது, அங்கே ஓடும் முயல் அவருடையதா? காட்டு விலங்கு இயல்பில் எவருக்கும் உடைமையன்று என்பதே ஃபிக்ஹு நூல்கள் கூறும் அடிப்படை. ஒருவருடைய நிலத்திற்குள் வந்துவிட்டதால் மட்டும் அது அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. நம் நாட்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39 ஆம் பிரிவின்படி, வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு அரசின் சொத்தாகும். அது பட்டா நிலத்தில் வீழ்ந்தாலும் சட்டம் அதுவே. எனவே தோட்டக்காரர் தம் வரப்பின் மீது நடக்க அனுமதி தரலாம்; முயலைச் சுட அனுமதி தர அவரால் இயலாது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே வேட்டையுரிமை நிலத்தோடு சேர்ந்தது. முயல் தின்ற பயிருக்குக் குத்தகை உழவர் அழுதுகொண்டிருக்க, அம்முயலைச் சுடும் உரிமை மட்டும் பண்ணையாரிடம் இருந்த காலமும் உண்டு. அதனை மாற்றி, தாம் பயிரிடும் நிலத்தில் முயல்களைக் கொல்லும் உரிமையை உழவருக்கே 1880 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வழங்கிற்று. ஆகவே அந்நாட்டில் துப்பாக்கியுடன் வருபவர் உழவரின் கதவைத் தட்டி அனுமதி கேட்பது பொருளுடையதாகும். வெளிநாட்டுப் படக்காட்சிகளைக் கண்டு, இங்கும் அப்படியே என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் உரிமம் பெற்று வேட்டையாடும் முறை இருந்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முறையையே நீக்கிவிட்டது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்து, தண்டனையைக் கூட்டியது. பொதுவான குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிராயின், மூன்றாண்டிற்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. முயலும் கௌதாரியும் மணிப்புறாவும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே. பண்ணைகளில் வளர்த்து விற்கப்படும் ஜப்பானியக் காடை வேறு. காட்டில் திரியும் காடை வேறு.

“எங்களிடம் இருப்பது வெறும் காற்றுத் துப்பாக்கி, அதற்கு உரிமமே தேவையில்லையே!” என்று சிலர் வாதிடுவர். சிறுவகைக் காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் ஆயுதத்தை வைத்திருப்பது ஒன்று. அதனால் உயிரை வீழ்த்துவது மற்றொன்று. சுடுவது மட்டுமே வேட்டை என்று சட்டம் கருதவில்லை. கண்ணி வைப்பதும், வலை கட்டுவதும், விரட்டுவதும், காயப்படுத்துவதும், முட்டையையும் கூட்டையும் சிதைப்பதுங்கூட வேட்டையே. நாயை ஏவி விரட்டினாலும் அப்படித்தான்.

தாய்மார்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உறவினர் அன்போடு அனுப்பும் முயல் கறியைக் குழம்பு வைத்துப் பரிமாறுமுன் சிந்தியுங்கள். அந்தக் கறியை வைத்திருப்பதும் குற்றமே. சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உடந்தையாய் இருப்பவரையும் குற்றம் செய்தவராகவே கருதுகின்றது. “தாராளமாகச் சுடு” என்று வாய் தவறிச் சொன்ன தோட்டக்காரரும் இதனால் சிக்கலாம். கேட்டவர் தம் விளையாட்டிற்காக, நல்லெண்ணம் கொண்ட ஓர் உழவரை நீதிமன்றப் படியேற வைப்பது எவ்வகையில் நியாயம்?

வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம்மில் பல. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பின் கடவுச்சீட்டை மறுப்பதற்கு 1967 ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. ஓட்டிச் சென்ற இருசக்கர வண்டியும் பறிமுதலுக்கு உள்ளாகலாம். ஒரு முயலுக்காக ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை அடகு வைப்பதா?

“அப்படியாயின் உழவனின் கண்ணீருக்கு விடை என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையடிவாரத்தில் கடலையும் சோளமும் விதைத்தவருக்குக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் விளைவிக்கும் நட்டம் சிறிதன்று. உண்ண விலக்கப்பட்ட பிராணிதானே, கொன்றால் என்ன என்று நம்மவர் சிலர் எண்ணுகின்றனர். உண்ணலாகாது என்பது வேறு. எவரும் எப்படியும் கொல்லலாம் என்பது வேறு. தீங்கைத் தடுப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு, சட்டத்திலும் இடமுண்டு. 11 ஆம் பிரிவின்படி, உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஒரு விலங்கு ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலர், காரணத்தைக் குறிப்பிட்டு, அதனை வேட்டையாட எழுத்து மூலம் அனுமதி வழங்கலாம். கேட்க வேண்டிய கதவு அதுவே.

மலைக்கு அப்பால் கேரளத்தில், காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022 ஆம் ஆண்டில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கியுடையோர் அவ்வுத்தரவின்பேரில் சுடுகின்றனர். மலைக்கு இப்பால் தமிழகத்தில், 2025 சனவரியில் அரசு வேறொரு வழியை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுதற்கு அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம். அதையும் வனத்துறையினரே செய்வர். காட்டை ஒட்டிய புஞ்சைக்காரருக்கே தொல்லை மிகுதி. அவருக்கோ சுடும் வழி இல்லை. இக்குறையை உழவர்கள் எடுத்துரைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் குறையைச் சொல்லும் இடம் அலுவலகமும் சட்டமன்றமுமாகும். இரவில் தோட்டத்தில் துப்பாக்கி ஏந்துவது விடையாகாது.

அதனினும் கொடியது கள்ள மின்வேலி. மின்கம்பியை இழுத்து வேலியில் பாய்ச்சிவிட்டு உறங்கச் செல்பவர், பன்றி வருமா, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை வருமா என்பதை அறியார். மனித உயிர் போனபின் எந்தக் கடலை விளைச்சல் அதனை ஈடு செய்யும்? பயிர் அழிந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கால்தடத்தையும் சேதத்தையும் அன்றே படமெடுத்து வையுங்கள். சிட்டா, அடங்கல் நகல்களுடன் இழப்பீட்டு மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை உழவருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், இம்மனுவை எழுதிக் கொடுப்பது நம் இளைஞர்கள் செய்யத்தக்க சிறந்த உதவியாகும்.

துப்பாக்கி மீது ஆசை கொண்ட பிள்ளைகளுக்கு ஒருவரைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். பம்பாயில் 1896 ஆம் ஆண்டில் பிறந்த சாலிம் அலீ, சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்ற வினா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. அவ்வினாவே அவரை உலகம் போற்றும் பறவையியல் அறிஞராக்கிற்று. நம் பள்ளத்தாக்கின் கிழக்கே உள்ள மேகமலையில் 1948 ஆம் ஆண்டில் கிடைத்த அரிய பழந்தின்னி வௌவால் இனத்திற்கு, 1972 ஆம் ஆண்டில் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அந்த மலையைத் தினமும் காணும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஆகவே பெற்றோர்களே, இவ்விடுமுறையில் உங்கள் பிள்ளை தோட்டக்காரரிடம் அனுமதி கேட்கட்டும். பறவைகளைக் காண்பதற்காகக் கேட்கட்டும். கேமராவுடனோ வெறுங்கண்ணுடனோ செல்பவருக்கு அந்த உழவரின் சம்மதம் ஒன்றே போதுமானது. வரப்பை மிதிக்காமல் சென்று, கதவை அடைத்துவிட்டு, நன்றி கூறித் திரும்பட்டும். பன்றி உழுத இடத்தைக் கண்டால் உரியவரிடம் சொல்லி, மனு எழுதவும் துணை நிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை வீண் வழக்கிலிருந்தும், நம் உழவர்களை வீண் நட்டத்திலிருந்தும் காத்தருள்வானாக! வஸ்ஸலாம்.