புரோகிராம் எடுத்துக்கொள்ளுமாம்!

கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் அந்த வெள்ளை வெளிச்சம் கிடையாது. இரண்டும் மோனசைட் மணலில் இருப்பவை. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் மணல்தான்.

சீரியம், டிஸ்ப்ரோசியம் போன்ற லாந்தனைடுகளை இப்போது கம்ப்யூட்டரில் கணக்கிட்டு டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். வாங்கட்டும். சென்ற மாதம் ஒரு பையன் ஆய்வேட்டோடு மண்ணச்சநல்லூருக்கு என்னைத் தேடி வந்தான். "எந்த எலெக்ட்ரான்களை ஆக்டிவ் என்று எடுத்தாய், தம்பி? ஏன் அவற்றை?" என்று கேட்டேன்.

"புரோகிராமே எடுத்துக்கிச்சு சார். கைடும் அதுவே போதும்னுட்டார்."

எனக்கு வந்த கோபம் பையன் மேல் அல்ல, அந்தக் கைடு மேல்.

விஷயம் இதுதான். ஒரு மூலக்கூறின் எல்லா எலெக்ட்ரான்களையும் முழுமையாகக் கணக்கிட எந்தக் கம்ப்யூட்டருக்கும் சக்தி இல்லை. பாகப்பிரிவினைப் பேச்சில் வீட்டில் உள்ள அத்தனை பேரையுமா உட்கார வைக்கிறோம்? பங்கு உள்ளவர்கள் உட்கார்ந்தால் போதும். ஆனால் பங்குள்ள ஒருவரை விட்டுவிட்டால் பத்திரம் செல்லாது. யார் யார் என்று முடிவு செய்வது வக்கீல் குமாஸ்தாவின் வேலையா?

மூன்று எலெக்ட்ரானை இழந்த டிஸ்ப்ரோசியத்தில் 4f ஆர்பிட்டால் 7, எலெக்ட்ரான் 9. ஆர்பிட்டாலுக்கு இரண்டு இடம், ஆக 14 இடத்தில் 9 பேர். உட்கார வைக்கும் வழிகள் 2,002. பயந்துகொண்டு இன்னும் 7 ஆர்பிட்டாலைச் சேர்த்தால் வழிகள் 69,06,900! 'எதற்கும் இருக்கட்டும்' என்று அள்ளிப் போடவும் முடியாது. டிஸ்ப்ரோசியத்துக்குப் பெரும்பாலும் அந்த ஏழே போதும். 4f உள்ளே புதைந்து கிடக்கும், பிணைப்பில் சேராது என்ற பாடப்புத்தக வரி அங்கே ஓரளவு செல்லும்.

சீரியத்திடம் அந்த வரி செல்லாது. சீரோசீன் என்று ஒரு சேர்மம்: இரண்டு எண்கோண கார்பன் வளையங்களுக்கு நடுவே ஒரு சீரியம். 1976-ல் செய்தார்கள். கைக்கணக்குப்படி சீரியம் நான்கு எலெக்ட்ரானை இழந்தது, 4f காலி. 1989-ல் நியூமனும் ஃபுல்டேயும் அப்படியல்ல என்றார்கள்: 4f-ல் பெரும்பாலும் ஓர் எலெக்ட்ரான் இருக்கிறது, வளையத்தில் அதற்கு ஜோடி இருக்கிறது என்று. 2013-ல் மூஸ்ஸனும் டோல்கும் இன்னும் ஒரு படி போனார்கள். ஆக்டிவ் ஆர்பிட்டால்களை எப்படி எழுதிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே விடையை மூன்று என்றும் படிக்கலாம், நான்கு என்றும் படிக்கலாம். வளையத்து ஆர்பிட்டால்களை முதலிலேயே விட்டவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. கம்ப்யூட்டர் அவனுக்கும் எட்டு தசமத்தில் ஒரு விடை தரும், அதுதான் கொடுமை.

தேர்வை இயந்திரமே செய்யும் முறைகள் வந்துவிட்டன என்று இளையவர்கள் சண்டைக்கு வருவார்கள். வந்திருக்கின்றன, நல்லவைதான். ஆனால் எந்தப் பட்டியலிலிருந்து பொறுக்குவது என்று அதற்குச் சொல்வது யார்?

ஆய்வேட்டில் ஒரே ஒரு பக்கம் கேட்கிறேன். எந்த ஆர்பிட்டால்கள், ஏன் அவை, ஒன்றைக் கூட்டினால் குறைத்தால் விடை எவ்வளவு மாறுகிறது. அந்தப் பக்கம் இல்லாத ஏட்டைத் தேர்வாளர்கள் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்ப வேண்டும், கைடின் பெயருக்கே.