'தெரியலை'ன்னு எழுதவும் தைரியம் வேணும்

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? ரீடிங் சரியா வரலைன்னா என்ன செய்வோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து, வர வேண்டிய விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுவோம். நானும்தான் எழுதினேன். கிராஃப் நேர்கோடா வந்தது, மார்க்கும் வந்தது.

இதே வேலையை ஒரு கொலை வழக்கில் செய்தால்?

2008 மே 16, நொய்டா. 13 வயது ஆருஷி தன் அறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டில் வேலை பார்த்த ஹேம்ராஜைக் காணோம். அவர்தான் கொலையாளி என்று போலீஸ் தேட ஆரம்பித்தது. மறுநாள் அதே வீட்டு மொட்டைமாடியில் அவருடைய உடல் கிடந்தது. பூட்டியிருந்த மாடிக் கதவை முதல் நாள் யாரும் திறந்தே பார்க்கவில்லை. அதற்குள் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், மீடியா என்று ஒரு கூட்டமே வீட்டுக்குள் நடந்து முடித்துவிட்டது.

லேப் கதை இன்னும் மோசம். கைதாகிப் பிறகு விடுவிக்கப்பட்ட ஒருவரின் தலையணை உறையில் ஹேம்ராஜின் டிஎன்ஏ இருப்பதாக ஹைதராபாத் ஆய்வக அறிக்கை சொன்னது. 2011ல் அதே ஆய்வகம், 'அது டைப்பிங் பிழை, ரெண்டு பொருளின் விவரம் இடம் மாறிவிட்டது' என்றது.

2010 டிசம்பரில் சிபிஐ, போதுமான ஆதாரம் இல்லை என்று வழக்கை மூடக் கேட்டது. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 2013ல் ஆருஷியின் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை. 2017ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்த விடுதலையை எதிர்த்து ஹேம்ராஜின் மனைவி உச்ச நீதிமன்றம் போனார். அவரைக் குறை சொல்ல முடியுமா? முதல் நாள் புருஷனைக் கொலைகாரன் என்றார்கள், மறுநாள் பிணம் என்றார்கள். யார் செய்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

'இன்கன்க்ளூசிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் லேப் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மாதிரி வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம், ரெண்டு பேர் ரத்தம் கலந்திருக்கலாம், எடுத்தவர் கையே பட்டிருக்கலாம். அதை வைத்து 'இவர்தான்' என்றும் சொல்ல முடியாது, 'இவர் இல்லை' என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலி இடத்தை நாம கதையால் நிரப்புகிறோம். நியூஸ் சேனல் செய்தது, நானும் வாட்ஸ்அப் குரூப்பில் 'இவங்கதான்பா' என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

'அப்போ அந்தக் குடும்பத்துக்கு "தெரியலை" போதுமா?' என்று கேட்பீர்கள். போதாது. ஆனால் தப்பான ஒரு பெயரைக் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி கிடைக்காது, இன்னொரு குடும்பமும் சேர்ந்து அழியும். அவர்களுக்கு நாம உண்மையிலேயே தர வேண்டியது, என்ன கெட்டுப்போனது, யாரால் என்ற நேர்மையான பதிலும், மிச்சமிருக்கும் தடயத்தின் பத்திரமும்தான். அமெரிக்காவில் 70, 80களில் நடந்த 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' கொலைகளுக்கு 2018ல்தான் ஆள் பிடிபட்டார். பத்திரமா வைத்திருந்த டிஎன்ஏ, பல வருஷம் கழித்து வந்த வம்சாவளித் தேடலில் பேசியது. கூட்டம் மிதித்த வீட்டில் அந்த வாய்ப்பும் குறைவு.

நம்மில் சிலர் நாளைக்கு டெஸ்டிங் லேபில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகிறோம். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் மூணு ரீடிங் ஒத்துவரவில்லை. ரிவ்யூவுக்கு அப்படியேதான் கொண்டுபோகிறேன். காரணம் கேட்டால், 'இன்னும் தெரியலை சார்' என்பேன்.