கேட்காமல் வந்த போரும் கேட்காமல் விட்ட நஷ்ட ஈடும்

சிங்கம்புணரி, காரைக்குடி பக்கத்துப் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் தூணைத் தட்டி "பர்மாத் தேக்கு" என்பார்கள். அந்தத் தேக்கு வந்த ஊரில் கணக்கு எப்படி முடிந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. ஆனாலும் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். செட்டிநாட்டுக்குப் போர் வந்தது ரங்கூன் வழியாக. 1941 டிசம்பர் 23-ல் அங்கே ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். கையில் காசு இருந்தவர்களுக்கு முதலில் கப்பல் கிடைத்தது. கூலிகளும் சிறு கடைக்காரர்களும் காட்டு வழியே மணிப்பூர், அஸ்ஸாமுக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பத்தாயிரத்துக்கு மேல் செத்தார்கள். நல்ல பாதை வெள்ளைக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதாக அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது.

செட்டியார்கள் இழந்தது நிலம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம்! திட்டமிட்டுப் பிடித்த நிலம் அல்ல அது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் கைக்கு வந்தது. வட்டிக்கு விட்டவருக்கு வேண்டியது பணம்தான், வயல் அல்ல. ஆனால் நிலம் போன பர்மிய விவசாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பானா? 1948-ல் சுதந்திரம் அடைந்த கையோடு பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததை வெறும் அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. இழப்பீடு பெரும்பாலோர் கைக்கு வரவில்லை என்பதுதான் அநியாயம்.

இனி சமாதானத்துக்கு வருவோம். 1951-ல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. 1952 ஜூன் 9-ல் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் செய்து, நஷ்ட ஈடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. அதே மாநாட்டுக்குப் போகாத பர்மா, 1954-ல் ஜப்பானிடம் 20 கோடி டாலர் வாங்க ஒப்பந்தம் போட்டது. நேருவின் முடிவு சரியானதே. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்ததன் பலனை உலகம் பார்த்துவிட்டதே! ஆனால் விட்டுக்கொடுத்தது யாருடைய பாக்கி? காட்டில் புருஷனைப் பறிகொடுத்து ஊர் திரும்பியவளின் பாக்கியும் அதில் இருந்தது. டெல்லி ஜப்பானை மன்னிக்கலாம். அவளுக்கு டெல்லியே ஏதாவது கொடுத்திருக்க வேண்டாமா?

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. போர்ச் செலவுக்காக இங்கிலாந்து இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் பாக்கி, போர் முடிந்தபோது சுமார் 130 கோடி பவுண்டு. அதைக் குறைக்கச் சர்ச்சில் எவ்வளவோ பார்த்தார். நடக்கவில்லை. தவணை தவணையாக அந்தப் பணம் வந்தது. அரசுக்கு அரசு கொடுத்த கடன் பேரேட்டில் நின்றது. ரங்கூனில் விட்டு வந்த பேரேடுகளுக்குத்தான் கேட்க நாதியில்லை.

1964-ல் கடைகளும் தேசியமயமானபின் மறுபடி கப்பல் கப்பலாக வந்தார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் போட்ட கடைகள்தான்.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் போர்க் கல்லறையின் தூண்களில், கல்லறையே இல்லாமல் போன சுமார் 27,000 படைவீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்திய ராணுவத்தினர். நடந்து வந்து வழியில் செத்த கூலிகளின் பெயர்கள் அந்தத் தூண்களில் கிடையாது.