இரண்டாவது கரண்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்ற ஆபீஸ் தம்பி கேட்டான்: ‘‘அண்ணே, மச்சானுக்கு மூளைல கட்டி திரும்ப வந்திருச்சு. மறுபடி கரண்டு வைக்கலாங்குறாங்க. வச்ச எடத்துலயே எப்படிண்ணே?’’

நியாயமான கேள்வி. மூளையும் தண்டுவடமும் அண்ணாச்சி கடை நோட்டு மாதிரி. பழைய பாக்கி அதில் அப்படியே நிற்கும். ஆனால், நாளானால் தள்ளுபடி உண்டு! ஹூஸ்டனில் கியான் ஆங் குழுவினர் குரங்குகளின் தண்டுவடத்தில் 44 கிரே கதிர் பாய்ச்சினார்கள். ஒன்று முதல் மூன்று வருஷம் விட்டு மறுபடி பாய்ச்சினார்கள். ஒரே வருஷத்தில் பழைய பாதிப்பு முக்கால்வாசி ஆறியிருந்ததாம் (2001). பாவம், குரங்குகள். டாக்டர்கள் எடுத்தவுடன் ‘எத்தனை மாசமாச்சு?’ என்பது இதனால்தான்.

கிளையோபிளாஸ்டோமாவுக்கு முதல் தடவை வழக்கமாக 60 கிரே, ஆறு வாரம். திரும்பி வந்தவர்கள் 182 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி, 2023-ல் வெளியானது. பெவாசிசுமாப் மருந்தோடு 35 கிரேயைப் பத்துத் தவணையில் கொடுத்தார்கள். ஆறு மாசம் கட்டி வளராமல் நின்றது 54 சதவீதம் பேருக்கு. மருந்து மட்டும் என்றால் 29. ஆயுள்? இரு தரப்பிலும் சுமார் பத்து மாசம்தான்.

இதை எப்படிச் சொல்ல? சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘ஆறு மாசம் நல்லா நடமாடுவாராண்ணே?’’

‘‘டாக்டரைக் கேளு. பழைய கரண்டு சீட்டை எடுத்துட்டுப் போ. எத்தனை கிரே, எந்தத் தேதி, எந்த எடம், எல்லாம் அதுலதான் இருக்கும்.’’

‘‘அது அக்கா வீட்டுப் பரண்லல்ல கெடக்கு!’’

திண்டுக்கல் பஸ் வந்தது. அவன் தேனி பஸ்ஸைப் பார்த்து ஓடினான்.