மண்டை ஓட்டுக்குப் பீங்கான் ஒட்டு! உள்ளே புகுந்து எலும்பு வளருகிறது

மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. மூளை வீங்குகிறது. வீக்கத்துக்கு இடம் கொடுக்க, டாக்டர்கள் மண்டை ஓட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். உயிர் பிழைத்து விடுகிறது. ஆனால் தலையில் பள்ளம் விழுகிறது. அந்த இடத்தில் மூளைக்குக் காவல், தோலும் சவ்வும் மட்டும்தான்!

இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது?

வயிற்றுக்குள் மண்டை ஓடு

முதல் வழி, சொந்த எலும்பு. வெட்டி எடுத்த துண்டைக் கடுங்குளிரில் வைப்பார்கள். அல்லது, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்து விடுவார்கள். இந்திய ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமாக நடப்பதுதான். வீக்கம் வற்றியதும் எடுத்துத் தலையில் பொருத்துவார்கள். செலவும் குறைவு.

ஆனால் சிலருக்கு, பொருத்திய எலும்பு நாளடைவில் கரைந்து போகிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நொறுங்கிப்போன எலும்பையோ, கட்டி அரித்த எலும்பையோ திரும்ப வைக்கவே முடியாது.

நாய் எலும்பு

1668-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு புத்தகத்தில், வான் மேகரன் என்ற ஹாலந்து டாக்டர் ஒரு வேடிக்கையான செய்தி சொல்கிறார். ரஷியப் பிரபு ஒருவரின் மண்டையில் நாய் எலும்பை வைத்து ஒட்டுப் போட்டார்களாம். இது தெரிந்ததும் திருச்சபை அவரைத் தள்ளி வைத்து விட்டது. "எலும்பை எடுத்து விடுங்கள்" என்று பிரபு மன்றாடினார்.  

மண்டையோடு நன்றாக ஒட்டிப் போகும் பொருளைத்தான் இன்று டாக்டர்கள் தேடுகிறார்கள். டைட்டானியம் தகடு உறுதியானது. அக்ரிலிக்கும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் இரண்டும் எத்தனை ஆண்டு இருந்தாலும் எலும்பு ஆகாது.

புற்று போல வழி

இங்கேதான் பீங்கான் வருகிறது. காப்பிக் கோப்பை செய்கிற பீங்கான் அல்ல. நம் எலும்பின் கடினத்துக்குக் காரணம், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. அதே பொருளைச் செய்து சூளையில் சுடுகிறார்கள். உடம்பு அதை அன்னியமாக நினைப்பதில்லை.

கெட்டியாகச் சுட்டால், எலும்பு வாசலோடு நின்று விடும். உள்ளே வர, துளை வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது அகலம் வேண்டும் என்று அமெரிக்காவில் ஹல்பர்ட் குழுவினர் 1970-ல் கண்டனர். அகலம் மட்டும் போதாது. கறையான் புற்றில் இருப்பது போல, துளைக்குத் துளை வழி இருக்கவேண்டும். முதலில் ரத்தக் குழாய் நுழையும். பின்னால் எலும்பு வளரும்.

பவளத்தில் இயற்கையாகவே இப்படி வழிகள் உண்டு. 1974-ல் டெல்லா ராய் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, பவளத்தையே எலும்பு உப்பாக மாற்றிக் காட்டினார்.

பாத்திர ஊரில்

இத்தாலியில் பயென்சா என்பது பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே மண்டைக்கும் பீங்கான் தயாராகிறது. ஸ்கான் படத்தைப் பார்த்து, அவரவர் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்கிறார்கள்.

துளை கூடக் கூட, பலம் குறையும். எலும்பு புகுந்து கெட்டிப்படும் வரை, கீழே விழுந்து அடிபட்டால் பீங்கான் உடையலாம். பெரிய சங்கடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. எலும்பு ஓரத்தில் இருந்துதான் வளரத் தொடங்கும். பள்ளம் பெரிதாக இருந்தால், நடு இடத்துக்கு வந்து சேருமா?

2020-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஒரு பதில் சொன்னார்கள். டைட்டானியச் சட்டத்தில் சிறு சிறு பீங்கான் வில்லைகளைக் கோத்து, ஆடுகளின் மண்டையில் வைத்தார்கள். நடுவிலும் எலும்பு வளர்ந்தது! 21 மாதம் கழித்து ஒரு மனிதரிடம் இருந்து எடுத்த துண்டிலும் புது எலும்பு இருந்தது.

நல்ல செய்திதான். ஆனால், அது ஒரே ஒரு மனிதர்! மற்றவர்களிடம் பார்க்கலாமே என்றால், அதுவும் சுலபம் இல்லை. ஸ்கான் படத்தில் எலும்பும் வெள்ளை, இந்தப் பீங்கானும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். துண்டை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். நன்றாக நடமாடுகிறவரின் தலையை யார் திறப்பார்கள்?

அதனால், சொந்த எலும்பு நல்ல நிலையில் இருந்தால் பல டாக்டர்கள் இன்றும் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். அதை வைக்க முடியாதவர்களுக்கும், அது கரைந்து போனவர்களுக்கும்தான் பெரும்பாலும் டைட்டானியமா, பீங்கானா என்ற பேச்சே வருகிறது.