படம் எடுக்கிற பிள்ளைக்கும் காசு கொடுங்கள்



நான் படிப்பித்த பிள்ளை ஒன்று உயர்தரம் முடித்துவிட்டு கமெரா வாங்கினாள். யாரோ பாவித்த பழைய கெனன்தான். ஒன்றரை வருடமாக சோனகதெருவிலும் ஐந்துசந்திப் பக்கத்திலும் எத்தனையோ வீட்டு நிக்காஹ், மருதாணி இரவு, பிறந்தநாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். போன கிழமை, "இதுவரை எவ்வளவு உழைத்தாய் மகள்?" என்று கேட்டேன். சிரித்தாள். "பிரியாணி பார்சல் தந்தாங்க டீச்சர்" என்றாள்.

அந்தச் சிரிப்புதான் இதை எழுத வைத்தது.

சமையற்காரரிடம் யாரும் "எங்கட ஆள்தானே, சும்மா ஒரு சட்டி ஆக்கித் தாங்க" என்று கேட்பதில்லை. கதிரைக்காரனுக்கு முற்பணம் போகிறது. மேடை சோடிக்கிறவருக்கும் போகிறது. பெண்கள் பக்கத்தில் நாலு மணித்தியாலம் நின்று, பிறகு இரண்டு இரவு கம்பியூட்டரில் கண் நோக இருக்கிற பிள்ளைக்கு மட்டும் "பழகிக்கொள்ளட்டும்" என்கிறோம். வெளி ஆம்பிளை ஒருவரைப் பெண்கள் பக்கம் விட மாட்டோம். அப்படியென்றால் அவள் செய்கிற வேலைக்கு மாற்று ஆளே இல்லை. விலை கூடத்தானே வேண்டும்?

(படம் எடுக்கலாமா கூடாதா என்பதை மௌலவிமாரிடம் விட்டுவிடுகிறேன். அவளைக் கூப்பிடுகிற வீட்டுக்காரர் அதை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள்.)

பிழை அவளிலும் இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் "விரும்பினதைத் தாங்க" என்கிறாளாம். நம்ம ஆக்களின் விருப்பம் பூச்சியத்தில்தான் தொடங்கும். அவளுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் தொகையைச் சொல். பெரிய தொகை வேண்டாம், ஆனால் ஒரு தொகை. எத்தனை மணித்தியாலம், எத்தனை படம், எந்தத் திகதியில் கையில் கிடைக்கும் என்பதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. பாதிக் காசு முன்னுக்கு. சொந்தக்காரருக்குக் குறைக்கலாம், அதையும் "இவ்வளவு குறைத்திருக்கிறேன்" என்று சொல்லிக் குறை. சொல்லாமல் குறைத்தால் அதுதான் உன் விலையாகிவிடும்.

அடையாள அட்டைப் படம் எடுத்துப் பிழைக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அதற்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோ வேண்டும், வீட்டுச் சுவரில் நிறுத்தி எடுக்க முடியாது.

அவளுடைய உண்மையான சிக்கல் வேறு. மற்ற படப்பிடிப்பாளர்கள் எடுத்ததை எல்லாம் பேஸ்புக்கில் போட்டு ஆள் பிடிக்கிறார்கள். இவள் எடுப்பது பெண்களின் படம், போட முடியாது. போடவும் கூடாது. ஒரு படம் வெளியே போனால் அவளுடைய தொழில் அன்றோடு முடிந்தது. ஆகவே மருதாணிக் கை, மேடை, கேக், மஹர் வைத்த தட்டு, அனுமதி கேட்டு சின்னப் பிள்ளைகள், இவற்றைப் போடட்டும். வீட்டில் கேக் அடித்து விற்கிற, அபாயா தைத்து விற்கிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! மங்கலான போன் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு ஓடர் வரவில்லை என்கிறார்கள். முதல் காசு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கலியாண வீட்டுக்கு ஆள் வருவது, ஒரு மாமி அல்பத்தை மடியில் வைத்து இன்னொரு மாமிக்குக் காட்டும்போதுதான்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹோமாய் வியாரவல்லாவுக்கு, பம்பாயில் ஒரு பத்திரிகை முதல் படங்களுக்குக் கொடுத்தது படத்துக்கு ஒரு ரூபாயாம். 1947இல் செங்கோட்டையில் கொடி ஏறியதையும் எடுத்தவர் அவர். ஒரு ரூபாய்தான், ஆனால் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் உம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்ன நேரத்தில் அல்பத்தை யார் நினைப்பார்? புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க உம்மா அந்தப் படங்களை வாயால்தான் சொல்லுவா. எந்தப் பக்கம் பெரியம்மா நின்றா, யார் கண்ணை மூடினது, எல்லாம். அந்தப் படங்களுக்காக இன்று என்ன விலையும் கொடுப்பேன். என்னைப்போல எத்தனை வீடுகள் இங்கே திரும்பி வந்திருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் தங்கச்சி மகளின் நிக்காஹ். பாதிக் காசு நேற்று அனுப்பிவிட்டேன். பிள்ளையின் நம்பர் வேண்டுமென்றால் பெண்கள் மட்டும் இன்பொக்ஸில் கேளுங்கள், அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.